கெபித் தோட்டத்தில் தீ

மலைப் பங்குக்கு மாற்றல் பெற்றுச் செல்லும் குருக்களுக்கு இரண்டு நோய்கள் தப்பாமல் வரும், ஒன்று மூட்டுவலி, மற்றொன்று தோட்டப் பித்து என்று எங்கள் குருக்கள் கூட்டங்களில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பழநி மலைத்தொடரில், ஏறக்குறைய 5000 அடி உயரத்தில் உள்ள ஒரு சிற்றூரில் 2017 முதல் 2024 வரை நான் பங்குக் குருவாக இருந்தேன். மூட்டுவலி முதல் மார்கழியிலேயே வந்தது. தோட்டப் பித்து வர இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

அத்தோட்டத்தை உண்டாக்கியவன் நான் அல்லன். எனக்கு முன்னே அங்கிருந்த குருக்கள் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி ஏதாவது நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் கமேலியா, மற்றொருவர் அசேலியா, வேறொருவர் செம்பருத்தி. பங்கு இல்லத்தின் பின்வாயிலிலிருந்து மாதா கெபிக்குச் செல்லும் நடைபாதையின் இருமருங்கிலும் 23 ஹைட்ராஞ்சியாச் செடிகள் நின்றன. நீலப் பந்துகளைக் கட்டித் தொங்கவிட்டாற்போல அவை பூக்கும் காலத்தில், கொடைக்கானலுக்குச் செல்லும் சுற்றுலாக்காரர்கள்கூட வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். கெபியின் வலப்பக்கத்தில் ஒரு பழைய ரோஜாச் செடி. வெண்ணிறப் பூ. அதை நட்ட குருவானவர் இறைவனடி சேர்ந்து நெடுநாளாயிற்று. ஆயினும் ஊர்ப் பெண்கள் அதனை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

குருமடத்தில் நாங்கள் பயின்ற காலத்தில் மாலைதோறும் ஒரு மணி நேரம் கைவேலை உண்டு. மண்வெட்டி பிடிக்கத் தெரியும், பாத்தி கட்டத் தெரியும். ஆகவே செடிகொடிகளைப் பற்றி ஓரளவு அறிந்தவன் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அந்த எண்ணத்துக்கு வந்த சோதனையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மலையில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். பச்சைப் புல்லை அது சுட்டுக் காயவைத்துவிடும். அதன்பின் மாசி, பங்குனியில் வெயிலும் காற்றும் சேர்ந்து அந்தப் புல்லைத் தீக்குச்சிக்குத் தக்க விறகாக்கிவிடும். போதாக்குறைக்கு, எங்கள் ஊருக்கு மேலே முன்னாளில் அயல்நாட்டிலிருந்து கொணர்ந்து நட்ட பைன் மரங்களும், வாட்டில் எனப்படும் சீகை மரங்களும், தைல மரங்களும் இருந்தன. பைன் ஊசிகள் கணுக்கால் ஆழத்துக்கு மெத்தைபோல் கிடக்கும். 2018 மார்ச் 11 ஞாயிறன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காய்ந்த புற்சரிவில் தீ பரவி, மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அச்செய்தி கேட்ட இரவு எங்கள் ஊரில் ஒருவரும் சரியாக உறங்கவில்லை. காட்டுத் தீ எவ்வளவு வேகமாக மேட்டை நோக்கி ஏறும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

எங்கள் ஊருக்கு அது வந்தது 2022 மார்ச்சில், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். மாலையில் சிலுவைப்பாதைக்காக மக்கள் கோயிலில் கூடியிருந்தார்கள். எட்டாம் தலத்தில் நின்றபோது உபதேசியார் என் அருகில் வந்து, “சாமி, மேல்காட்டில் புகை தெரியுது” என்றார். மீதித் தலங்களை அன்று யாரும் செபிக்கவில்லை. ஆண்களும் வனத்துறைக் காவலர்களும் பச்சைத் தழைகளை ஒடித்துக்கொண்டு ஏறினார்கள். பெண்கள் ஓடையிலிருந்து குடம் குடமாக நீர் சுமந்தார்கள். காற்று திசை மாறாமல் இருந்திருந்தால் வீடுகள் தப்பியிரா. இரவு ஒரு மணிக்குமேல் காற்று தணிந்தது. ஓர் உயிர்ச்சேதமும் இல்லை. ஆனால் ஊரின் மேற்புறத்துக் காப்பித் தோட்டங்கள் ஏழெட்டும், சில பேரிக்காய் மரங்களும், கெபியைச் சுற்றியிருந்த எங்கள் தோட்டமும் கருகிப்போயின. கெபியில் மாதா சுரூபத்தின் மேல் புகை படிந்திருந்தது. வேறு சேதம் இல்லை.

மறுநாள் காலையில் நான் கண்ட தோட்டத்தைத் தோட்டம் என்று சொல்ல இயலாது. கரிக்கோல்கள் நட்டு வைத்த சாம்பல் மேடு அது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு நான்கு வாரங்கள்கூட இல்லை. அந்த அலங்கோலத்தைப் பார்த்துக்கொண்டு அத்தனை நாள் இருக்க என் மனம் ஒப்பவில்லை. திங்கட்கிழமை இளைஞர் சிலரை அழைத்துக் கருகிய செடிகளைப் பிடுங்கி எறியச் சொன்னேன். நானும் மண்வெட்டி எடுத்தேன். ஒன்பது ஹைட்ராஞ்சியாக்களைக் கிளறி எடுத்துக் கீழே வெயிலில் குவித்தோம்.

நடுப்பகலில், கோயில் கூட்டிப் பெருக்கும் பாட்டி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எழுத்தறியாதவர். இளமையில் எஸ்டேட்டில் கவாத்து வேலை செய்தவர்.

“தோத்திரம் சாமி. என்ன செய்றீங்க?”

“செத்துப்போன செடியை எடுக்கிறோம், பாட்டி. புதிதாக நடலாம்.”

அவர் பதில் சொல்லவில்லை. குவியலிலிருந்து ஒரு செடியை எடுத்து, இடுப்பில் செருகியிருந்த சிறு கத்தியால் அடித்தண்டு வேரோடு சேரும் இடத்தை இலேசாகச் சுரண்டினார். கரித்தோல் உரிந்தது. அதன்கீழே ஈரமான பச்சை நிறம் தெரிந்தது. மற்றொன்றைச் சுரண்டினார். அதிலும் பச்சை. என் கையில் அதைக் கொடுத்துவிட்டு, “இது சாகல சாமி. நாமதான் இப்பக் கொன்னுட்டோம்” என்றார்.

இளைஞர்கள் தலை குனிந்துகொண்டார்கள். உண்மையில் குனிய வேண்டியது என் தலை. அன்று மாலையே அவ்வொன்பது செடிகளையும் மீண்டும் குழியில் வைத்து மண் அணைத்தோம். மண்வெட்டியால் வெட்டுண்டு, அரைநாள் வெயிலில் காய்ந்த வேர்கள் அவை. ஒன்றும் பிழைக்கவில்லை. தீயிலிருந்து தப்பியவற்றை ஒரு பங்குக் குரு கொன்றார் என்று எங்கேனும் எழுதி வைப்பதாயின் என் பெயரைத்தான் எழுத வேண்டும்.

அன்றிரவு, கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு குரு நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். பழநி மலையின் தாவரங்களை ஆராய்ந்த குருக்களின் வரிசை நீண்டது. செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியில் தொடங்கிய அம்மரபில் வந்த சேசு சபைக் குரு கே. எம். மத்தேயு, திருச்சி ராப்பினாத் ஹெர்பேரியத்திலிருந்து பணியாற்றிப் பழநி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999-இல் வெளியிட்டார். என் நண்பர் அத்தகைய பேரறிஞர் அல்லர், ஆனால் பொறுமையாகப் பதில் சொல்பவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, “உன் பாட்டி சொல்வதையே கேள். நான் காரணத்தை மட்டும் சொல்கிறேன்” என்றார்.

அவர் சொன்ன காரணங்களுள் முக்கியமானது இது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே காகிதம் போன்ற ஒரு மெல்லிய உயிர்ப்படலம் இருக்கிறது. தண்டைப் பருக்கச் செய்வதும், பட்டையையும் கட்டையையும் உண்டாக்குவதும் அதுவே. அது பச்சையாகவோ வெண்மையாகவோ ஈரத்தோடு இருந்தால் அந்த இடம்வரை செடி உயிரோடிருக்கிறது. பழுப்பேறி உலர்ந்திருந்தால் அந்தப் பகுதி இறந்துவிட்டது. எனவே கொம்பின் நுனியிலிருந்து கீழ்நோக்கி நகத்தால் கீறிக்கொண்டே வர வேண்டும். நுனி இறந்திருக்கும், நடு இறந்திருக்கும், அடியில் பச்சை தென்படும். மண் நல்ல காப்பு. தீ மேலே ஓடும்போது ஓரிரு அங்குல ஆழத்துக்குக் கீழே பெரும்பாலும் சூடு இறங்குவதில்லை. ஆதலால் வேர்முடியிலிருந்து தளிர்க்கும் இயல்புள்ள செடிகள் மேலெல்லாம் கரியானாலும் மீள்வதுண்டு. பச்சை தெரிந்ததும் அதற்கு மேலே உடனே வெட்டிவிடவும் கூடாது என்றார். எந்தக் கணு துளிர்க்கும் என்பது செடிக்குத்தான் தெரியும். அது சொல்லும்வரை கத்தியை எடுக்காதே என்பது அவர் கட்டளை. முழுதும் எரியாமல் வெந்து வாடிய இலைகளையும் பறிக்காமல் விட வேண்டுமாம். அவை தாமே உதிர்ந்து மண்ணுக்குப் போர்வையாகும்.

தண்ணீர் ஊற்றப் போனபோது மற்றொரு விந்தையைக் கண்டேன். வறண்டு வெடித்த மண் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும் என்று எதிர்பார்த்தேன். அது குடிக்கவில்லை. சேப்பிலையில் விழுந்த நீர்போல முத்து முத்தாக உருண்டு சரிவில் ஓடிற்று. இலை தழைகளில் உள்ள மெழுகு போன்ற பொருள்கள் தீயில் ஆவியாகி மண்ணுக்குள் சிறிது இறங்கி, குளிர்ந்து, மணற்பொடிகளைப் பூசிக்கொள்வதால் இப்படி நேர்கிறது என்று நண்பர் விளக்கினார். களைக்கொத்தியால் மேல்மண்ணை, வேரில் படாமல், விரலளவு கீறிவிட்டு மெதுவாக நீர் விட்டபோது மண் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொண்டது. அதன்மேல் வைக்கோலும் சருகும் பரப்பினோம்; தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. சரிவின் குறுக்கே கருகிய மரத்துண்டுகளைக் கிடத்தி முளையடித்தோம். கோடை மழை ஒன்று பலமாகப் பெய்தாலும் மேல்மண் முழுவதும் ஓடைக்குப் போய்விடும் என்ற பயம் எங்களுக்கு இருந்தது.

சாம்பல் உரந்தானே, கிடக்கட்டும் என்று நான் நினைத்தேன். ஓரளவுக்கு அது உண்மை. சாம்பலில் பொட்டாசும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. ஆனால் அது காரத்தன்மை உடையது. அசேலியா, கமேலியா, தேயிலை போன்ற செடிகளோ புளிப்பு மண்ணை விரும்புபவை. திட்டாகக் கிடந்த சாம்பலை வாரி அப்புறப்படுத்தினோம். பிளாஸ்டிக் குழாய் உருகிக் கிடந்த இடத்துச் சாம்பலைத் தனியே எடுத்துக் காய்கறிப் பாத்திப் பக்கம் போகாமல் புதைத்தோம். இவ்வேலைக்கு மூக்கில் துணி கட்டிக்கொள்ளாமல் இறங்கிய முதல் நாள் நான் இரவெல்லாம் இருமினேன்.

இதற்கிடையில் வேறொரு காரியம் நடந்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே எனலாம்.

குருத்து ஞாயிறுத் திருப்பலி முடிந்து மக்கள் கலையும்போது, காப்பித் தோட்டத்தைத் தீக்குப் பறிகொடுத்த ஒருவர் என்னிடம் வந்தார். அமைதியானவர், பாடற்குழுவில் பாடுபவர். “சாமி, பூச்செடிக்கு நீங்க கூப்பிட்டா பத்துப் பையன்கள் வர்றாங்க. எங்க காப்பிக்கு ஆள் வரல. தண்ணியும் ஊருக்கு ஒரு மணி நேரந்தான் வருது. எனக்குச் சொல்லத் தெரியல” என்று கூறிவிட்டு, என் மறுமொழிக்கு நில்லாமல் போய்விட்டார்.

எனக்கு முதலில் கோபம் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கெபித் தோட்டம் எனது சொத்தா? அது ஊரின் தோட்டம் அல்லவா? என்றெல்லாம் உள்ளுக்குள் வாதாடினேன். அறைக்குள் வந்து உட்கார்ந்ததும், மூன்று வாரங்களில் அவருடைய தோட்டத்துக்கு நான் ஒருமுறைகூடப் போகவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வீடு வீடாக ஆறுதல் சொல்லச் சென்றேன், தோட்டத்துக்குச் செல்லவில்லை. அவருக்குச் சாவு விழுந்த இடம் வீடன்று, தோட்டம்.

மறுநாள் திங்கள். இளைஞர்களையும் பாட்டியையும் அழைத்துக்கொண்டு அங்கே போனேன். அவர் கடன் வாங்கி ஒரு மூட்டை யூரியா வாங்கி வைத்திருந்தார். அதைப் போட வேண்டாம் என்று நண்பரிடம் கேட்டுச் சொன்னேன். வேர் காயப்பட்டிருக்கையில் உப்பு உரம் அதை மேலும் வாட்டும். வேரால் தாங்க முடியாத இளந்தளிர்களையும் கிளப்பிவிடும். பாட்டி ஒவ்வொரு காப்பிச் செடியாகக் கீறிப் பார்த்து, பச்சை தெரிந்தவற்றில் வாழை நாரைக் கட்டினார். முந்நூற்றுச் சொச்சம் செடிகளில் இருநூற்றுக்கு மேல் நார் கட்டப்பட்டது. அந்த மனிதர் நார்களை எண்ணிக்கொண்டே எங்கள் பின்னால் வந்தார். காப்பிக்கு மட்டும், காத்திருப்பதோடு கவாத்தும் வேண்டும் என்றார் பாட்டி. கோடை மழை இரண்டு பெய்ததும் தரையிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக, நீர் வடியும்படி சாய்வாக அறுக்க வேண்டும். அடிக்கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகத் தளிர் வரும். அவற்றில் வலுவான ஒன்றோ இரண்டோ மட்டும் விட்டு மற்றதைக் கிள்ள வேண்டும். எஸ்டேட்டில் வயதான செடிகளை இப்படித்தான் இளமையாக்குவார்களாம்.

பேரிக்காய் மரங்களில் வேறு கணக்கு. பட்டை சுற்றிவர முழுதும் வெந்திருந்தால் இலையில் செய்த உணவு வேருக்கு இறங்க வழியில்லை. அம்மரம் அவ்வாண்டு தளிர்த்தாலும் பிறகு சாகும். பாதிக்கு மேல் உயிர்ப்பட்டை இருந்தால் காக்கலாம். நிழல் தந்த இலைகள் போய்விட்டதால் வெயில் நேராகத் தண்டைச் சுடும். அதற்காக நீர்த்த சுண்ணாம்பு அடித்தோம். எட்டு மரங்களில் மூன்று நின்றன.

தண்ணீர்ப் பங்கீட்டையும் மாற்றினோம். ஊர்க்குழாய்த் தண்ணீரைத் தோட்டத்துக்கு எடுப்பதை நான் நிறுத்தினேன். பங்கு இல்லத்தில் அரிசி கழுவிய நீர், குளித்த நீர் இரண்டும் கெபிச் செடிகளுக்குப் போயின. அடியில் ஊசித் துளையிட்டுத் திரி செருகிய பழைய குடங்கள் சில செடியோரம் புதைக்கப்பட்டன. வாரத்துக்கு இருமுறை அவற்றை நிரப்பினால் போதும். உயிர்ப்புப் பெருவிழா அன்று கெபி கறுத்த குச்சிகளுக்கு நடுவேதான் இருந்தது. பெண்கள் பீடத்துக்குக் காட்டுப் பெரணித் தழையைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. அத்தனை நாளும் யாருக்காக நான் அவசரப்பட்டேன் என்பது எனக்கே விளங்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் நல்ல மழை இரண்டு விழுந்தது. மே முதல் வாரத்தில் ஒரு காலை, செபமாலையோடு நடந்துகொண்டிருந்தவன் நான்காம் செடியருகே நின்றுவிட்டேன். கரிக்குச்சியின் காலடியில், மண்ணைப் பிளந்துகொண்டு, சிவப்பும் பச்சையும் கலந்த இரண்டு முளைகள். அந்தப் பத்து மணியை எத்தனை முறை எண்ணினேனோ தெரியாது. மிஞ்சிய 14 ஹைட்ராஞ்சியாக்களில் 11 துளிர்த்தன. செம்பருத்தி தயக்கமே காட்டவில்லை. அசேலியா மூன்றில் ஒன்று பிழைத்தது. கமேலியா பிழைக்கவில்லை, ஓராண்டு காத்திருந்து, கீறிக் கீறிப் பார்த்து, பிறகே எடுத்தோம். அவ்வாண்டு ஹைட்ராஞ்சியா பூக்கவில்லை. சென்ற ஆண்டுக் கொம்பில் அரும்பு கட்டி இவ்வாண்டு மலர்வது அதன் வழக்கம். சென்ற ஆண்டுக் கொம்புதான் இல்லையே!

மழைக்காலத்தில் வேறொன்றும் முளைத்தது. எரிந்த சரிவெங்கும் நாற்றங்கால்போல் சீகைக் கன்றுகள். அதன் விதையின் தடித்த தோலைத் தீயே பிளந்து முளைக்கச் செய்கிறது. ஈரமண்ணில் இரண்டு விரலால் பிடுங்கலாம். ஓராண்டு விட்டால் கோடரி வேண்டும். மறைக்கல்விப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் வகுப்பு முடிந்து அரைமணி நேரம் பிடுங்கினார்கள். யார் அதிகம் பிடுங்கினார்கள் என்று சண்டையும் போட்டார்கள்.

2023-இல் ஹைட்ராஞ்சியா பூத்தது. ஆனால் நீலமாக அன்று, இளஞ்சிவப்பாக. ஊரில் பெரும் பேச்சாகிவிட்டது. புதுமை என்று சிலர் மெழுகுவர்த்தி ஏற்றத் தொடங்கவே, ஞாயிறு அறிவிப்பில் நான் மண்ணியல் பாடம் நடத்த வேண்டியதாயிற்று. புளிப்பு மண்ணில் அலுமினியச் சத்து கரைந்து வேருக்குக் கிட்டும்போது அப்பூ நீலமாகும். சாம்பல் புளிப்பைக் குறைத்துவிட்டால் அது கிட்டாமல் பூ சிவக்கும். பாட்டி கேட்டுவிட்டு, “சாம்பலு பூவுக்குள்ள ஏறிடுச்சுங்கறீங்க” என்று முடித்துவிட்டார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

வெள்ளை ரோஜாவின் கதை வேறு. அதுவும் அடியிலிருந்து தளிர்த்தது, நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் இலை வேறு மாதிரி இருந்தது. தளிர், ஒட்டுப் போட்ட முடிச்சுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து வந்திருந்தது. மேலே ஒட்டப்பட்ட வெள்ளை ரோஜா தீயோடு போய்விட்டது. அதனைத் தாங்கிக்கொண்டு இத்தனை ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்த செடி இப்போது தானே மேலே வந்து, பன்னீர் ரோஜாவைப் போன்ற சிறிய மணமுள்ள பூக்களைப் பூத்தது. பிடுங்கிவிட்டு நல்ல ஒட்டு வைக்கலாம் என்றார் உபதேசியார். நான் அதற்குள் பிடுங்குவதில் கொஞ்சம் நிதானம் கற்றிருந்தேன்.

2024 மே மாதத்தில் எனக்குச் சமவெளிப் பங்கு ஒன்றுக்கு மாற்றல் வந்தது. புறப்படும் நாளில் அந்தக் காப்பித் தோட்டத்துக்காரர் ஒரு துணிப்பையில் அரைக் கிலோ காப்பித்தூள் கொண்டுவந்தார். கட்டையிலிருந்து எழுந்த செடிகளின் முதல் பழம் அது. விற்கும் அளவுக்கு இன்னும் இல்லை என்றார். நான் பிடுங்கிய ஒன்பது செடிகளின் இடத்தில், பிழைத்த செடிகளிலிருந்து வெட்டிய ஒன்பது குச்சிகளைப் பாட்டி முன்னமே ஊன்றியிருந்தார். மூன்று வேர்பிடித்திருந்தன. “மிச்சத்துக்கு அடுத்த மழைக்குப் பார்க்கலாம் சாமி” என்றார்.

அண்மையில் அங்கிருக்கும் புதிய பங்குத்தந்தை தொலைபேசியில் அழைத்தார். கெபியின் அருகே காட்டு ரோஜா ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு முழங்கையைக் கீறுகிறது, வெட்டிவிடலாமா என்று கேட்டார். பாட்டியைக் கேளுங்கள் என்றேன்.